மொய்த் தட்டு வைத்த படகு

5.2.2024: ஆறு பேர் உட்காரும் பழைய ஃபைபர் படகு, ரூ. 1,60,000
19.2.2024: சொந்த உபயோக உரிமம், ரூ. 1,200
16.1.2025: அபராதம், ரூ. 10,000
11.3.2025: வாடகை உரிமத்துக்கான சோதனைக் கட்டணம், ரூ. 3,500

பாகூர் ஜெயசீலன் படகு வாங்கிய கதையில் இந்தக் கணக்குக்குள் வராதது ஒரு மனைக்கட்டு. அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு அவள் அப்பா கொடுத்தது. என்றைக்காவது அதில் ஒரு தளம் போட்ட வீடு எழும்பும் என்று இருந்தாள். அதை விற்றுத்தான் படகு வந்தது.

அதுவரை அவன் கரும்பு லாரி ஓட்டினான். கரும்பு லோடு குறைந்து வண்டி நின்றுபோனபின், ஞாயிற்றுக்கிழமைகளில் கழிமுகத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் கண்ணில் பட்டன. ஒரு படகு இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. விற்றவரும் நல்ல மனிதர்தான். ஒரு மாதத்துக்குள் குறை தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் முதல் கேள்வியே, "சொந்த உபயோகமா, வாடகைக்கா?" என்பதுதான். வாடகை என்றால் படகைச் சோதிக்க ஆள் வருவார். ஓட்டுநர் சான்றிதழ், பயணிகளுக்கு இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு ஒரு கையெழுத்து போதும். ஜெயசீலன் யோசித்தான். விசேஷ வீட்டில் சாப்பிட்டவர்கள் மொய் வைக்கிறார்கள். அதைச் சோற்றுக்கு விலை என்று யாரும் சொல்வதில்லை. படகிலும் ஒரு தட்டு வைத்துவிட்டால் போயிற்று. கையெழுத்துப் போட்டான்.

"படவுக்கு மொய்யா? இன்னா, அதுக்குக் காது குத்தப் போறியா?" என்றாள் ஸ்டெல்லா.

"சும்மா இருடி. வாடகைன்னு எங்கனா எழுதி ஒட்டியிருக்கனா?"

காணும் பொங்கல் வரை தட்டு காலியாக இருந்ததில்லை. அன்று கரை கொள்ளாத கூட்டம். வில்லியனூர்க் குடும்பம் ஒன்றை இறக்கிவிட்டபோது ஓர் அதிகாரி நின்றிருந்தார். உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இறங்கியவரிடம் கேட்டார்.

"இவரு உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார். ஆளுக்கு நூறு குடுத்தோம்."

"அது மொய் சார்," என்றான் ஜெயசீலன்.

அதிகாரி தட்டைப் பார்த்தார். "சரிப்பா. நாளைக்கு இவரு வூட்டு விசேஷத்துக்கு நீ திருப்பிச் செய்வியா? இவரு பேராவது தெரியுமா?"

தெரியாது.

"இன்னாபா, பத்திரிக வெக்காமலே மொய் வாங்கிட்டியே!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். படகைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள்.

அபராதம் கட்டினான். படகு ஓட்டுநர் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினான். வாடகை உரிமத்துக்கு முறைப்படி விண்ணப்பித்தான். மார்ச்சில் சோதிக்க வந்தவர், படகில் ஆறு பேரை ஏற்றி ஒரு பக்கமாக நகரச் சொன்னார். விளிம்பு தண்ணீரைத் தொட்டது.

"இது மீன்பிடிக்கக் கட்டின படகுப்பா. உட்கார்ற சீட்டு அப்புறம் அடிச்சது. இதுக்கு வாடகை உரிமம் கிடைக்காது. அன்னிக்கே வாடகைக்குன்னு வந்திருந்தா, அப்பவே சொல்லியிருப்போம்."

அன்றைக்கே சொல்லியிருந்தால் விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ள இன்னும் நாள் இருந்தது. அதைவிட, அத்தனை ஞாயிறுகளிலும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மார்கள் ஒவ்வொருவராக அவன் நினைவுக்கு வந்தார்கள்.

"யாரும் வுழலியே, அத்த நெனச்சிக்கய்யா," என்றாள் ஸ்டெல்லா. மனையை வாங்கியவர்கள் அங்கே கடைக்கால் தோண்டத் தொடங்கியதும், நடவு வேலைக்குப் போக வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

அவன் மேல்முறையீடு எழுதிப் போட்டான். வெயிலில் கிடந்த படகு வெடிப்பு விட்டது. விலைக்குக் கேட்டு வந்த ஒரு மீனவரும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஜெயசீலன் கழிமுகத்துப் பக்கம் போவதை நிறுத்தினான். தபால்காரர் சைக்கிள் சத்தத்துக்கு மட்டும் எழுந்து வாசலுக்கு வந்தான்.

மேல்முறையீடு தள்ளுபடி, சொந்த உபயோக உரிமமும் ரத்து, பதினைந்து நாளுக்குள் படகைக் கரையிலிருந்து அகற்ற வேண்டும் என்ற கடைசிக் கடிதம் வந்தது 14.8.2025, வியாழக்கிழமை.