செலவு முந்தியா, விலை முந்தியா

வணிகவியல் துறையில் செலவுக் கணக்கு நடத்தும் சாரும் விலை நிர்ணயம் நடத்தும் மேடமும் எலியும் பூனையும் என்றுதான் பிள்ளைகளிடம் பேச்சு. பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு காலத்தில் பெரிய வகுப்பறையில் இருவரும் சேர்ந்தே பாடம் எடுத்தார்கள்.

"செலவு தெரிஞ்சாத்தானே விலை வைக்க முடியும்" என்பார் சார்.

"வாங்கறவங்க எவ்வளவு குடுப்பாங்கன்னு தெரியாம செலவு பண்ணிட்டு, அப்புறம் தலையில கை வைக்கறதா?" என்பார் மேடம்.

ஒருவர் பலகையில் எழுதியதை மற்றவர் அழிப்பார். பின்வரிசைத் தூங்குமூஞ்சிகள்கூட எழுந்து கட்சி கட்டுவார்கள். அந்த வகுப்புக்காக மேடம் காய்ச்சலோடும் வந்ததுண்டு. அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு புதுமுறை வந்தது. பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு, சந்தேகம் கேட்க மட்டும் வகுப்புக்கு வந்தால் போதும். சேர்ந்து நடத்திய வகுப்பு அதோடு போயிற்று. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாடமும் ஒரு வட்டம். எதற்குப் பின் எது என்று காட்ட நடுவே அம்புக்குறி. அதற்கு அறிவு வரைபடம் என்று பெயர். முந்தைய பாடத்தை முடித்தால்தான் அடுத்தது திறக்கும்.

சார் செலவிலிருந்து விலைக்கு அம்பு போட்டார். மேடம் சும்மா இருப்பாரா? விலையிலிருந்து செலவுக்குப் போட்டார். இரண்டு பாடமும் திறக்கவில்லை. அம்பு போட்டது பெரியவர்கள், திருதிருவென்று விழித்தது பிள்ளைகள்.

வரைபடத்தைக் கவனிக்கும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்களேன்."

சார் இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறார். கடைசியாக ஒருமுறை அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்று மேடம், மனசே இல்லாமல், தன் அம்பை எடுத்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பிரச்சனை தீர்ந்துச்சு மேடம். சாரும் அவரோடதை எடுத்துட்டாரு. இப்ப ரெண்டு பாடத்துக்கும் சம்பந்தமே இல்ல."

திரையில் இரண்டு வட்டங்கள் தனித்தனியாகக் கிடந்தன.

சார் வாசலில் நின்றிருந்தார். "இத்தனை வருஷம் பிடிச்ச பிடியை விடாதவங்க, இப்ப ஏன் விட்டீங்க?"

"போகப்போறீங்க. ஜெயிச்சுட்டுப் போங்கன்னுதான். நீங்க ஏன் சார் எடுத்தீங்க?"

"நான் போனப்புறமும் அது உங்களை எதிர்த்துக்கிட்டே நிக்கணுமா? நிம்மதியா இருங்கன்னுதான்."

மேடம் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டையும் போட வேணாம்மா. சாரோட அம்பை மட்டும் திரும்பப் போட்டுடு. நான் சண்டை போட இங்க வேற யாரு இருக்கா?"