வரியின் கடைசிச் சொல்

மற்ற நாட்களில் எங்கள் வீட்டு ரேடியோவில் கோலாலம்பூர் பாடும். வியாழக்கிழமை மாலை அரை மணி நேரம் மட்டும் மலாக்காவே பாடும். டவுனில் ஒரு கடையின் மாடியறை, ஒரு மைக், ஓர் ஆர்மோனியம், ஒரு தபேலா. அவ்வளவுதான் எங்கள் ஊர் நிலையம். தமிழ்ப் பாட்டைப் பதிவு செய்து வைக்கும் வசதி அங்கே இல்லை. அங்கே பாடுவது அந்த நொடியே ஊரின் மறுபக்கம், காஜா பேராங்கில் குடியிருக்கும் எங்களுக்குக் கேட்கும். பாடி முடித்தால் போயிற்று.

அங்கே பாடியவள் என் பக்கத்து வீட்டுக்காரி. நவராத்திரிக்குக் கோயிலில் நாங்கள் சேர்ந்து பாடியதைக் கேட்டு, நிலையத்துக்காரர் எங்கள் இருவரையும்தான் அழைத்தார். என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். போகாதே என்று கணவர் சொல்லவில்லை, மாமியாரும் சொல்லவில்லை. நான்தான் யோசித்தேன். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பசித்து அழுதால்? பாதிப் பாட்டில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தால்? முடியாது என்று சொல்லியனுப்பினேன். யாராவது தடுத்திருந்தால் அவர் மீதாவது கோபப்பட்டிருக்கலாம்.

எங்கள் வரிசையில் எங்கள் வீட்டில் மட்டுமே ரேடியோ இருந்தது. வியாழக்கிழமைகளில் அவள் கணவர் உட்பட எல்லோரும் எங்கள் கூடத்தில் வந்து உட்காருவார்கள். கோப்பி கலந்து கொடுப்பது நான். மாலையெல்லாம் அழுதுகொண்டிருந்த மகள், அவள் குரல் வந்ததும் பெட்டியின் பக்கம் தலையைத் திருப்பி அடங்கிவிடுவாள்.

"பாத்தியா," என்பார் மாமியார். "நீ பாடுனா வீறிடுது. அவ பாடுனா வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மறுநாள் அதே பாட்டைத் தொட்டிலருகே பாடிப் பார்த்தேன். மகள் கைகளை உதறிக்கொண்டு அழுதாள். பசியா, வயிற்றுவலியா, என் குரலேதானா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் தவறாமல் வருவாள். தன் பாட்டைத் தானே கேட்க அவளுக்கு வழியில்லை.

"எப்படிக்கா இருந்துச்சி? எங்க வீட்டுக்காரரக் கேட்டா நல்லா இருந்துச்சிங்கிறாரு. பசார்ல வாங்குன மீனுக்கும் அதையேதான் சொல்றாரு. நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

"நல்லா இருந்துச்சி," என்பேன் நானும்.

ஆனால் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடும். கூடத்தில் இருந்தவர்கள் தெரிந்த பாட்டு என்பதால் அந்தச் சொல்லைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். நிலையத்தில் கருவியைக் கவனித்தவர் சீனர். சத்தம் வருகிறதா என்று பார்ப்பார், சொல் அவருக்குப் புரியாது. ஆர்மோனியக்காரருக்குத் தன் ஆர்மோனியம்தான் கேட்கும்.

நாடு விடுதலையாகும் மெர்டேக்காவுக்குப் பிறகு எல்லா நிகழ்ச்சியும் கோலாலம்பூரிலிருந்துதான், மலாக்காவின் அரை மணி நேரம் நின்றுவிடும் என்று செய்தி வந்தது. இப்படி மூடும் ஊர் நிலையங்களில் பாடுபவர்களில் ஒருவரை மட்டும் அங்கே எடுத்துக்கொள்வார்களாம். தேர்வு செய்ய வரும் அதிகாரி, கடைசி வியாழக்கிழமை விடுதியில் உட்கார்ந்து ரேடியோவிலேயே கேட்பாராம்.

அப்படியானால் எனக்குக் கேட்பதுதான் அவருக்கும் கேட்கும். அந்தக் குறையை நான் சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பாள், பாடாமல், என்னைப் போல. அந்த எண்ணம் இனித்தது. இனித்ததைக் கண்டுதான் பயந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள்.

"நல்லா இருந்துச்சாக்கா?"

"இல்ல. எந்த வரியிலயும் கடைசிச் சொல் கேக்கல. பாட்டுத் தாள எங்க வச்சிருக்க?"

"மேசை மேல."

"அடுத்த வரியப் பாக்கக் குனியுற. மைக் மேலயே நிக்குது, நீ கீழ போயிடுற."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இத்தன நாளா ஏங்கா சொல்லல?"

மகளை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, "இப்ப சொல்றேன்ல," என்றேன்.

அந்த வாரம் முழுக்க என் அடுப்படியில் நின்று பாட்டை மனப்பாடம் செய்தாள். நான் வெங்காயம் உரித்தபடி, தலை தாழும்போதெல்லாம் "நிமிரு," என்றேன். மகள் பாயில் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வியாழக்கிழமை எல்லாச் சொற்களும் முழுதாக வந்தன. "இன்னிக்குத்தான் இவ பாடுறா," என்றார் மாமியார். நான் கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். காலையில் அவள் வந்து கேட்டபோது, "எல்லாச் சொல்லும் கேட்டுச்சி," என்றேன். நல்லா இருந்துச்சி என்று மட்டும் வாயில் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளைத்தான் எடுத்தார்கள். கணவரோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். மாடியறையில் தையல் கடை வந்தது.

இப்போது அவள் குரல் கோலாலம்பூரிலிருந்து வருகிறது. மகள் தானே நடந்து போய்ப் பெட்டியின் முன் உட்காருகிறாள். நான் அடுப்படியில் நின்று, ஒரு வரியிலாவது கடைசிச் சொல் விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். இதுவரை விழவில்லை.