வெறும் வயிறு

ஆபரேஷனுக்கு வரும் குழந்தை வெறும் வயிறாக இருக்கிறதா என்று நான் ஒரே கேள்வியாகக் கேட்பதில்லை. சோறு, இட்லி, காப்பி, பால், பழம், ரொட்டி, பொரிகடலை, கோவில் பிரசாதம், தண்ணீர் என்று தனித்தனியாகக் கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் தாய் இல்லை என்று சொன்ன பிறகு, குழந்தையையும் ஒரு தரம் கேட்பேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு உதவியாக இருப்பது என் உத்தியோகம். வரிசையாக நாலைந்து குழந்தைகள் வரும் நாட்களில் இதையே சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு போகும். தாய்மாருக்குக் கோபம் வரும். ஒன்றும் கொடுக்கவில்லை என்று எத்தனை தரம் சொல்வது என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. என் அம்மாவும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. தென்காசியில் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் கடை. என் வலது காதில் ஓயாமல் சீழ் வடிந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் என் வலது பக்கம் யாரும் உட்காருவதில்லை. அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. சாரல் தொடங்கியதும் வீட்டோடு குற்றாலம் போவோம். எல்லோரும் அருவியில் நின்று கூச்சல் போடுவார்கள். நான் காதில் பஞ்சை அடைத்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பாறைமேல் துணி மூட்டைக்குக் காவல் இருப்பேன். குரங்கு விரட்டுவதும் என் பொறுப்பு. எனக்கு இருந்த குறை அது ஒன்றுதான்.

ஆகவே காதுக்குள் ஒரு சின்னச் சதை வளர்ந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சீழ் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னபோது வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். கால் மணி நேர வேலை, பிள்ளை அசையாமல் இருக்கக் கொஞ்சம் மயக்கம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாராம். அம்மாவின் தம்பி, என் மாமா, அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டார்.

"ஏட்டி, காது மட்டும் ஆறட்டும். பெரிய அருவிக்கு நட்டநடுவுல ஒன்னைக் கொண்டு நிப்பாட்டுதேனா இல்லையான்னு பாரு. குரங்கு வந்து ஒன் துணிக்குக் காவல் இருக்கும்."

சின்ன ஆபரேஷன் என்பது கத்தியின் கணக்கு. மயக்கத்துக்குச் சின்னது பெரியது கிடையாது. கால் மணி நேரமானாலும் குழந்தை தன் மூச்சைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுத்தான் தூங்குகிறது. வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலே வரும். விழித்திருக்கிறவன் இருமித் துப்பிவிடுவான். மயக்கத்தில் இருக்கிற குழந்தைக்கு அது நேரே மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். இவ்வளவுதான் விஷயம். சொல்ல அரை நிமிஷம் ஆகாது. ஆனால் டாக்டர் இதைச் சொல்லவில்லை. காலையில் ஒன்றும் கொடுக்காமல் கூட்டி வாருங்கள் என்று மட்டும் சொன்னார். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. டாக்டரிடம் ஏன் என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு.

எங்கள் வீட்டில் ஒன்றும் சாப்பிடாத நாட்கள் நிறைய உண்டு. சஷ்டி, கார்த்திகை, ஆடி வெள்ளி. அதற்கெல்லாம் சட்டம் இருந்தது. சோறு கிடையாது. பழையது கிடையாது. வெங்காயம் கிடையாது. பால் உண்டு, சாமிக்கு வைத்த பழம் உண்டு. அம்மா வருஷக்கணக்காக இப்படித்தான் பட்டினி கிடந்து வந்தாள். ஆபரேஷன் காலையிலும் அதே சட்டத்தை இம்மி பிசகாமல் நடத்தினாள். விடியுமுன் எனக்குத் தலைக்கு ஊற்றினாள். காதில் தண்ணீர் போகாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றித் திருநீறு பூசினாள். பிறகு ஒரு டம்ளர் பாலும், படத்துக்கு முன் வைத்திருந்த இரண்டு வாழைப்பழமும் என் கையில் கொடுத்தாள். நான் இட்லி கேட்டேன்.

"வாயைக் கழுவு. ஆபரேஷனுக்குப் போற பிள்ள இட்லி திங்கலாமா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வராந்தாவிலேயே கேட்டுவிட்டாள். "காலையில பிள்ளைக்கு ஒண்ணும் கொடுக்கலியே?"

"சோத்தக் கண்ணுலயே காட்டலம்மா. குளிச்சு, சாமி கும்பிட்டு, சுத்தமா வந்திருக்கா" என்றாள் அம்மா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உள்ளே நடந்ததில் சில மட்டுமே ஞாபகம் இருக்கிறது. முதுகுக்குக் கீழே மேஜை சில்லென்று இருந்தது. கம்பிக் கூடு ஒன்றைத் துணியால் மூடி மூக்கின்மேல் கவிழ்த்தார்கள். அதன்மேல் சொட்டுச் சொட்டாக ஈதர் விழுந்தது. மண்ணெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து அழுகியது போன்ற வாடை. எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன். நர்ஸம்மா என் இரண்டு கையையும் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மற்றதெல்லாம் பெரியவர்கள் பேசும்போது பல வருஷங்களாகக் கேட்டுச் சேர்த்தது. உள்ளே ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டிருக்கிறது. நர்ஸம்மா வெளியே ஓடி வந்து ஆக்ஸிஜன் சிலிண்டர், சிலிண்டர் என்று கத்தியிருக்கிறாள். கதவு சாத்துவதற்குள் அப்பா என்னைப் பார்த்திருக்கிறார். மேஜையைத் தலைப்பக்கம் சரித்து, என்னை ஒருக்களித்துப் போட்டு, டாக்டர் என் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாராம். என் உதடு நாவல்பழம் தின்றது போல இருந்ததாம். அதை மட்டும் அப்பா ஒரே ஒரு தரம் சொன்னார்.

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. மூச்சு திரும்பிவிட்டது என்றார். பிறகு, பிள்ளைக்குக் காலையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணுமே குடுக்கலியே டாக்டர்" என்றாள் அம்மா. "பாலும் பழமும்தான்."

டாக்டர் கத்தவில்லை. அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, வராந்தா பெஞ்சில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து மாமா, "சாமிக்கு வச்ச பழம்லா டாக்டர், வயித்த ஒண்ணும் செய்யாது" என்றாராம். "ஏலே, வாய மூடு" என்றாராம் அப்பா. அதுவரை மைத்துனரிடம் அவர் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை.

நான் விழித்தபோது வாயெல்லாம் கசந்தது. முதல் வேலையாகக் காதைத் தொட்டுப் பார்த்தேன். கட்டு இல்லை. பழைய பஞ்சுதான் இருந்தது. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது.

"கட்டு எங்க? ஆபரேஷன் பண்ணலியா?"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமாதான் பதில் சொன்னார். "ஒங் காதப் பாத்ததும் டாக்டருக்குப் பிடிச்சுப் போச்சாம் ஏட்டி. வெட்ட மனசு வரலையாம்." சாரல் முடிவதற்குள் காது ஆறாது என்று கணக்குப் போட்டு நான் அழுதேன். அடுத்த வருஷம் வேறு ஊரில் அந்தச் சதையை எடுத்தார்கள். அப்போது அம்மா எனக்கு வாய் கொப்பளிக்கக்கூடத் தண்ணீர் தரவில்லை.

அன்று மத்தியானம் டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா கொண்டுவந்த காப்பி ஆறி ஆடை கட்டியது. இவருக்கு வேறு வேலையே கிடையாதா என்று எனக்குத் தோன்றியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் என் நெஞ்சுக்குக் கீழேயே இருந்தது. அங்கே என் கவுனில் நூலால் தைத்த ஒரு மஞ்சள் வாத்து இருந்தது.

"எங்க சித்தி போட்டது" என்றேன்.

"நல்லாருக்கு" என்றார், கண்ணை எடுக்காமல்.

நானும் குனிந்து பார்த்தேன். நான் மூச்சு விட விட வாத்து ஏறி இறங்கி நீந்திக்கொண்டிருந்தது. அதைத்தான் இவ்வளவு நேரமாக ரசிக்கிறார் என்று நினைத்தேன். நின்றுவிட்டால் என்ன செய்வார் என்று பார்க்க ஆசை வந்தது. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, வாத்தை நிறுத்தினேன்.

ஸ்டூல் விழுந்தது. "பாப்பா! பாப்பா!" என்று என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் திறந்தேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இப்படிச் செய்யாத தாயி" என்றார்.

இவ்வளவு பெரிய மனுஷர் ஒரு வாத்துக்குப் போய் இப்படிப் பயப்படுவாரா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்காரும் வரை பொறுத்திருந்து, இன்னொரு தரம் நிறுத்தினேன்.