சாம்பல் நிற ஒட்டுத்தாள்

டிசைன் துறையின் மூன்றாவது மாடியில் மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஒட்டுத்தாள் மேடம்’. காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. பெயர் வைக்கிறார்கள் என்றால் ஆளைக் கவனிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். கவனிக்கப்படுவது அப்போது அவளுக்கு அவசியமாக இருந்தது.

மென்பொருள் கம்பெனியில் பத்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஒரே ஒரு பருவத்துக்கான ஒப்பந்தத்தில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். கடைசி வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் வகுப்புக்கு வருவார். அவருக்குப் பிடித்துவிட்டால் மூன்று வருட நீட்டிப்பு. இல்லையென்றால் மூட்டை முடிச்சைக் கட்டி, மகளைப் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு இன்னொரு ஊர். மகளுக்கு அது நான்காவது பள்ளியாக இருக்கும்.

அதனால் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலைமுறையைக் கையில் எடுத்தாள். கம்பெனியில் அதற்கு அஜைல் என்று பெயர். பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு பெஞ்சு வடிவமைத்து, அதை அட்டையில் செய்துகாட்ட வேண்டும். அந்த வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கு ஓர் ஒட்டுத்தாள் வீதம் அவளே எழுதிப் பலகையில் ஒட்டினாள். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று கட்டங்கள். காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், என்ன தடை? ஆளுக்கொரு நிறம். அடுத்தவர் தாளை யாரும் தொடக் கூடாது. அந்த விஷயத்தில் மட்டும் அவள் கறார்.

தவறு முதல் நாளே நடந்துவிட்டது. அலுவலகம் கொடுத்த பட்டியலில் பெயர்கள் இல்லை, அடையாள எண்கள்தான். ஆறு வரிகள். ஆறு பேருக்கென்று வேலையைப் பங்கிட்டு, ஆறாவது எண்ணுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தாள். வந்தது ஐந்து பேர். இன்று வருவார், நாளை வருவார் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாவது வாரத்தில் சாம்பல் தாள்கள் நகரத் தொடங்கின. வகுப்புக்கு வரும்போது ஒன்று ‘முடிந்தது’ கட்டத்தில் இருக்கும். மேசைமேல் அதற்குரிய அட்டைத்துண்டு பிசிறில்லாமல் வெட்டிக் கிடக்கும். வராத தோழனுக்காகப் பிள்ளைகள் ஈடுகட்டுகிறார்கள் என்று நினைத்து, கறாரைக் கொஞ்சம் தளர்த்திக் கண்டுகொள்ளாமல் இருந்தாள். வேலை சொன்ன தேதிக்கு முடிந்துகொண்டிருந்தது. நன்றாக ஓடுவதை ஏன் கிளற வேண்டும்?

கடைசி வியாழக்கிழமை, எதற்கெடுத்தாலும் வாயடிக்கும் தாடிக்காரன் கிளறினான்.

“மேடம், ரொம்ப தேங்க்ஸ். அந்தக் காலை எங்களால வெட்டியிருக்கவே முடியாது.”

“எந்தக் காலு?”

“பெஞ்சு கால்தான். என் காலை வெட்டியிருந்தா சத்தம் போட்டிருப்பேனே!”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “நான் எதையும் வெட்டலையே. நீங்கதானே செய்றீங்க?”

சிரிப்பு நின்றது. “நாங்க தொடக்கூட இல்ல மேடம்” என்றாள் கண்ணாடி போட்ட பெண். “சாம்பல் உங்களோடதுன்னுதான் நெனச்சோம். துண்டுமேல குறிச்சிருக்கிற அளவெல்லாம் உங்க எழுத்துதானே?”

அவள் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தாள். சாய்ந்த, அவசரமான எண்கள். அவள் எழுத்தேதான்.

நேராகக் கீழே அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: “இது மாணவர் லிஸ்ட் இல்ல மேடம். அந்த ரூம் கதவு யார் யார் கார்டுக்குத் திறக்கணும்கிற லிஸ்ட். ஆறாவது நம்பர் உங்களோடதுதான்.” பிறகு கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். “தினமும் நீங்கதான் முதல் ஆளு, பாருங்க. ஏழு பத்து. ஏழு பத்து. இன்னைக்கும் ஏழு பத்து.”

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, காலையில ஏழு மணிக்கு மேல நான் எங்க இருப்பேன்?”

“என்னடி கேள்வி இது? பொண்ணோட ஸ்கூல் வாசல்ல. அங்கே நின்னுதானே தினமும் போன்ல என் உயிரை வாங்குற.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நாளைக்கு வரைக்கும் வாயைத் திறக்காத” என்றாள் அக்கா. “முதல்ல வேலை கைக்கு வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் வந்தார். பலகையில் ஒரே ஒரு தாள்தான் மிச்சம் இருந்தது. சாம்பல் நிறம்: ‘ஒருவரை உட்கார வைத்துப் பார்ப்பது.’ ஐந்து பேரும் வட்டமாக நின்று பேசினார்கள். சொல்லிவைத்தாற்போல் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே சமாளித்தாள்.

“பிரமாதம்” என்றார் தலைவர், வராந்தாவுக்கு வந்ததும்.

“அப்ப என் ஒப்பந்தம், சார்?”

அவர் விநோதமாகப் பார்த்தார். “அதான் காலையிலயே பெஞ்சைக் காட்டி வாங்கிட்டீங்களே. நான் என் ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்து நின்னீங்க. ஏழரை இருக்கும். கையெழுத்துகூடப் போட்டீங்களேம்மா. ராத்திரியெல்லாம் தூங்கலையா?”

ஏழரைக்கு அவள் பள்ளி வாசலில் குனிந்து மகளின் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஓடினாள். எழுத்தர் பதிவேட்டை நீட்டினார். அவள் கையெழுத்து, அவள் இழுக்கும் கடைசிக் கோடு, மை காய்ந்து இருந்தது.

மறுபடி மூன்று மாடி. மூச்சு வாங்கக் கதவில் கார்டை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தாள். சிவப்பு.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். பலகையில் எல்லாத் தாள்களும் ‘முடிந்தது’ கட்டத்தில் இருந்தன. அட்டைப் பெஞ்சில் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கழுத்துக்கு மேலே கலைந்த கொண்டை, அதில் செருகிய பென்சில். ஐந்து பேரும் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை தன்னையறியாமல் தன் கொண்டைக்குப் போனது. எப்போதும் அங்கே செருகியிருக்கும் பென்சில் இல்லை.

கண்ணாடியைத் தட்டினாள்.

தாடிக்காரன் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான். பிறகு பெஞ்சின் பக்கம் குனிந்தான்.

“மேடம், வெளிய யாரோ நிக்கிறாங்க.”