ஒரு மூட்டை சாமைக்குப் போன சைக்கிள்

அப்பாவின் சைக்கிளை ஒரு மூட்டை சாமைக்குக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் பழியை அடுத்தவர் தலையில் கட்டுவதில் நான் கெட்டிக்காரி. இந்த ஒன்றை மட்டும் யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை ஏழரை டவுன் பஸ்ஸில் வடக்கனந்தலை விட்டுக் கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவேன். மருந்துச் சீட்டைப் பார்த்ததும் இன்ன வியாதி என்று சொல்லிவிடுவேன், அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது, டாக்டரிடம் போவதற்கு முன்பே நடுக்குவாதம் என்று சொன்னேன். டாக்டரும் அதையேதான் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் போயிற்று.

கையைவிடக் கால்தான் அவருக்குப் பெரிய தொந்தரவு. நன்றாக நடந்து வருவார். வாசற்படியைக் கண்டதும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. யாராவது கையைப் பிடித்து இழுத்தால் ஒரு அடி எடுத்து வைப்பார். குரலும் உள்ளே போய்விட்டது. வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் என்ன சொல்கிறார் என்று தெரியும். அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை ஏது? அவர் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு பதில் சொல்லி முடித்திருப்பேன்.

கோமுகி அணை வாய்க்கால் பாய்கிற ஒரு ஏக்கரில் எங்களுக்குக் கரும்பு. தினமும் தண்ணீர் பார்க்க அப்பா சைக்கிளில் போவார். கறுப்பு சைக்கிள், இருபத்திநாலு இஞ்ச், சீட்டை அவர் உயரத்துக்கு நன்றாக இறக்கி வைத்திருந்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் கேரியரில் மண்வெட்டியைச் செருகிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். கால் நன்றாக இருந்த காலத்திலும் தெரு தாண்டித்தான் ஏறுவார். வியாதி வந்தபிறகு வயல்வரைக்கும் தள்ளிக்கொண்டே போகிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அம்மா ஒருமுறை, “ஒங்கப்பா ஓட்டறாருடி” என்றாள். நடக்கவே முடியாதவர் எங்கே ஓட்டுவது, ஒரு நாள் வாய்க்காலில் விழுந்து கிடப்பார், அப்போது தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன்.

கல்வராயன் மலையிலிருந்து வருஷா வருஷம் ஒருவர் சாமையும் கடுக்காயும் கொண்டுவருவார். மலையில் மூட்டை வைத்துத் தள்ள ஒரு பழைய சைக்கிள் கிடைக்குமா என்று போன கார்த்திகையில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். நான் உடனே எங்கள் சைக்கிளைக் கொடுத்துவிடச் சொன்னேன். அப்பா ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று குனிந்து கேட்டதற்கு, “சைக்கிள் இருந்தா நான் போய்க்குவேன்” என்றார். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அன்று சாயங்காலம் ஆறரை பஸ்ஸில் இறங்குகிறேன், தெருமுனையில் கரண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்கிறார். மேலே சட்டைகூட இல்லை. வீட்டிலிருந்து அந்தக் கம்பம் இருநூறு அடியாவது இருக்கும். மலைக்காரர் நாலு மணிக்கே சைக்கிளோடு போய்விட்டார் என்று கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்கடைக்காரர் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரே பார்க்கிறபடி தெருவில் நின்று துக்கம் கொண்டாடுகிறாரே என்றிருந்தது.

“ஒரு ஓட்ட சைக்கிளுக்கு இம்மாம் துக்கமா? நட வூட்டுக்கு” என்றேன்.

கையைப் பிடித்து இழுத்ததும் வந்தார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஏதாவது சொல்லியிருந்தாலும் என் சத்தத்தில் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு அவர் வயலுக்குப் போகவில்லை. தை பிறந்தது, கரும்பு வெட்டு முடிந்தது, வெட்டின கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்தது. ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முன்பு வாசற்படியில்தான் கால் ஒட்டும், இப்போது நாற்காலியிலிருந்து எழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை விழுந்தார். வியாதி முற்றுகிறது என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைச் சுவர் பூச ஒரு கொத்தனார் வந்தார். எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. அவருடைய சைக்கிள் வாசலில் நின்றது. நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் நாற்காலி காலி. விழுந்துவிட்டாரோ என்று சுற்றுமுற்றும் தேடினேன். தெருவிலிருந்து மணிச் சத்தம் கேட்டது.

அப்பா சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. கால் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன, ஒரு தடங்கல் இல்லை. தண்ணீர் டேங்க் வரை போனார். அங்கே படுத்திருந்த நாயை ஒதுக்கி, அகலமாக வளைந்து திரும்பினார். என்னைத் தாண்டும்போது ஒரு தடவை மணி அடித்தார். சுடுகிற டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், விரல் சிவந்து போனதைப் பிறகுதான் பார்த்தேன். செத்தவர் எழுந்து நடந்திருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். சந்தோஷம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது சந்தோஷம் இல்லை, பயம்.

இரண்டாவது சுற்று முடிந்து வாசலுக்கு வந்ததும் கொத்தனார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். அப்பா ஒரு காலை ஊன்றி இறங்கினார். இறங்கி, சைக்கிளை விட்டதும் மறுபடியும் அதே ஆள். நாற்காலி மூன்றடி தூரம், போக முடியவில்லை. நானும் கொத்தனாரும் சேர்ந்துதான் உட்கார வைத்தோம்.

கொத்தனாருக்கு இதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. அவர்தான் அப்பாவைச் சைக்கிளில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

“இன்னாம்மா இப்பிடிப் பாக்கற? தெனம் இப்பிடித்தான வயலுக்கு வந்துக்கினு இருந்தாரு. எறங்கினாதான் அவருக்குக் கஷ்டம். அதான் எறங்காமலே எங்களச் சுத்திச் சுத்தி வந்து பேசிட்டுப் போவாரு” என்றார்.

வாய்க்கால் கரையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் சோறு தின்கிற எனக்குத் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்பாவின் பக்கத்தில் குனிந்து கேட்டேன். சொன்னேனே என்றார். ஆமாம், சொன்னார்.

மறுநாள் டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். இந்த வியாதியில் சிலருக்கு அப்படி உண்டு, நடை நின்று போனாலும் சைக்கிள் மிதிக்க வரும் என்றார். இத்தனை வருஷமாக இந்த வியாதிக்கான மாத்திரையை எத்தனை பேருக்கு எண்ணிக் கொடுத்திருப்பேன். யாரிடமும் நான் ஒரு வார்த்தை விசாரித்தது கிடையாது.

புது சைக்கிள் வாங்கலாம் என்று அம்மா சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர் உயரத்துக்குப் பழகின சைக்கிள் மலையில் கிடக்கிறது, கொடுத்தவள் நான், போய்க் கொண்டுவர வேண்டியவளும் நான். புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகிற பஸ்ஸில் ஏறினேன். இறங்கி இரண்டு மைல் நடந்து, விசாரித்து விசாரித்து மலைக்காரர் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

சைக்கிள் வேலியில் சாய்ந்திருந்தது. சீட்டு இல்லை, செயின் இல்லை, பெடல் இரண்டும் இல்லை. சீட்டுக் குழாயில் ஒரு மூங்கில் கழியைச் செருகியிருந்தார்கள். ஏன் இப்படிப் பண்ணி வைத்திருக்கிறீர்கள் என்று அந்த மனிதர் மேல் பாய்ந்தேன். மேட்டிலும் பள்ளத்திலும் மூட்டை வைத்துத் தள்ளும்போது பெடல் சுற்றி முழங்காலில் அடிக்கும், அதனால் மலையில் எல்லோரும் கழற்றிவிடுவார்கள் என்றார். இங்கே சைக்கிளில் யார் உட்கார்ந்து போகிறார்கள் என்றும் கேட்டார். கழற்றிய சாமான் எல்லாம் சாக்கில் பத்திரமாக இருந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னதும், வேறு பேச்சில்லாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூட்டை தள்ள வேறு பழைய சைக்கிள் பார்த்துத் தருவதாகச் சொன்னேன். அடுத்த வாரம் கீழே வரும்போது இதைக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்.

பெடலை முடுக்கிக்கொண்டே, அப்பாவுக்குக் கால் அப்போதைக்கு இப்போது மோசமா என்று விசாரித்தார். அப்போதே நடக்க முடியாதுதானே என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“இல்ல தங்கச்சி, அன்னிக்கு நல்லா நடந்தாரே. நான் முன்னால தள்ளிக்கினு வந்தேன், அவரு பின்னால கேரியரப் புடிச்சிக்கினு கூடவே வந்தாரு. ஒரு எடத்துல நிக்கல. கரண்டு கம்பத்தாண்ட வந்ததும், பொழுதோட மலையேறணும், கைய வுடுங்கன்னு சொன்னேன். வுட்டாரு. கொஞ்ச தூரம் போயித் திரும்பிப் பாத்தேன், வுட்ட எடத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. சைக்கிளத்தான் பாக்கறாருன்னு நெனச்சேன்.”

நான் வேலிக் கழியைப் பிடித்துக்கொண்டேன். நாலு மணியிலிருந்து ஆறரை மணி. அம்மாவும் அன்று வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போயிருந்தாள். அவர் துக்கம் கொண்டாடவில்லை. கூட வந்த சைக்கிள் போய்விட்டது, கால் நின்றுவிட்டது, கைக்கு எட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். தெருமுனையில் ஒரு ஆண்பிள்ளை நின்றால் சும்மா நிற்கிறான் என்றுதான் எங்கள் ஊரில் யாரும் நினைப்பார்கள். மலைக்காரர் மனைவி கொடுத்த மோரைக் குடித்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

திரும்பி வரும்போது பஸ் அந்தக் கம்பத்துக்கு எதிரேதான் நின்றது. அதைப் பார்க்காமல் நேரே வீட்டுக்கு நடந்தேன். அப்பா நாற்காலியில் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கீழே உட்கார்ந்து, என் காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டேன். இந்தத் தடவை அவர் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்தேன்.

“கூப்ட்டேன். யாருக்கும் கேக்கல” என்றார். பிறகு, “ஆறரை பஸ்ஸுல நீ வந்துடுவல்ல. அதான் கம்பத்த வுடாம நின்னேன்” என்றார்.

ஆறரை பஸ்ஸில் நான் வந்தேன். இறங்கியதும் அவரைத் திட்டினேன்.