கதவுக்குப் பின்னால் ஓர் ஓவியம்

எங்கள் ஆர்.கே.புரம் நூலகத்தில் உள்ளூர் ஓவியர்களின் படங்களை வைத்தபோது, எதை எங்கே மாட்டுவது என்ற பட்டியலை நான்தான் போட்டேன். அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைபவள் என்பதால் சுவர்களையும் அளந்தேன். என் ஓவியத்துக்கு வாசலுக்கு நேர்ச்சுவர். பக்கத்துவீட்டு விமலாவின் ஓவியம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதனால் அதற்கு, திறந்த கதவு மறைக்கும் சுவர்.

வடநாட்டு ஜனவரிக் குளிரை நான் கணக்கில் எடுக்கவில்லை. “பையா, தர்வாஸா பந்த் கரோ!” என்று உள்ளே இருந்தவர்கள் கத்தி, கதவைச் சாத்த வைத்தார்கள். சாத்தியதும் விமலாவின் ஓவியம் வெளிப்பட்டது. கூட்டம் அங்கேயே நின்றது.

“எனக்குப் போய் இவ்வளவு நல்ல இடம் குடுத்திருக்கியேடி!” என்று விமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதனாலென்ன,” என்றேன்.

வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் கையை விடுவதற்குள், என் ஓவியத்தின் முன் யாராவது நிற்கிறார்களா என்றுதான் திரும்பிப் பார்த்தேன்.