பானெட்டில் விழுந்த வட்டங்கள்

போன வாரம் எங்கள் குடியிருப்பில் கார் துடைக்கிற முருகேசனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். எழுபதைத் தாண்டிய கிழவன் நாற்பது வயது ஆளை அடிக்கப் போனால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். வாட்ச்மேன் சிரிக்கவும் செய்தார். ஆனால் முருகேசன் செய்த காரியம் அப்படி. என் மகனுடைய கறுப்புக் காரில் நல்ல தூசி. ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், காய்ந்த துணியைப் போட்டு, தோசைக்கல்லில் மாவு இழுப்பதுபோலச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார் மனுஷன். வெயில் பட்டதும் பானெட் முழுக்க மெல்லிய வட்டங்கள் மின்னின. எனக்குக் கண் இருட்டிவிட்டது. "நேராத் துடைக்கத் தெரியாதாய்யா?" என்று கத்திக்கொண்டு போனவன், கிட்டே போனதும் கையைத் தூக்கிவிட்டேன். அவர் விலகவில்லை. "அடிங்க சார், அடிச்சா வட்டம் போயிருமா?" என்றார்.

நியாயமான கேள்வி. கையை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தால், மாடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மச்சான் போன பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். அன்றைக்குப் பொழுது சாய அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். அதை உங்களுக்குச் சொல்வதற்கு முன் இந்த வட்டங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளில் வேலந்தாவளம் சந்தைக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை எங்களுடையது. எங்களுடையது என்றால், வேலை எங்களுடையது, இடம் மாட்டுத் தரகர் குப்பண்ணனுடையது. எனக்கு அப்போதுதான் மீசை ஒழுங்காக முளைத்திருந்தது. அக்காவின் புருஷன் நாச்சிமுத்து மச்சானும் நானும் உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டுகளில் அடிமாடாகிக் கிடக்கும் கார்களை வாங்கிவந்து, பளபளப்பாக்கி விற்போம். மலையில் அந்த வண்டிகளுக்கு நடந்த கொடுமை சொல்லி மாளாது. செம்மண் புழுதியை ஏலக்காய்ச் சாக்காலேயே அரக்கி அரக்கித் துடைத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் ஏலக்காய் வாசம். அதோடு எங்கள் மண்ணெண்ணெய் வாசமும் கலந்துவிடும். இன்றைக்கும் யாராவது பாயசம் கொடுத்தால் எனக்கு மண்ணெண்ணெய் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

வட்டத்தை எப்படிப் போக்குவது என்று கேட்பீர்கள். போக்கவே முடியாது. அதைச் சுற்றியிருக்கிற நல்ல பெயிண்டையும் கீறலின் ஆழத்துக்குச் சீவி இறக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. தண்ணீரில் நனைத்த உப்புத்தாளான வாட்டர் பேப்பர் போட்டு, பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணியில் காம்பவுண்டுப் பசையைத் தொட்டு, நீளவாக்கில் நேராகத் தேய்க்க வேண்டும். கடைசியில் மெழுகு பாலிஷ் பூசிக் காயவிட்டால் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதைச் சுத்தமான துணியால் எடுத்தால் கீழே முகம் தெரியும். நல்லதையும் சேர்த்துச் செதுக்குகிற அந்த வேலை மச்சானுக்குப் பிறவியிலேயே வந்தது.

அவர் கோபம் அப்படி. ஸ்பானர் சரியாகப் பொருந்தாவிட்டால் சுவரில் எறிவார். கண்ணில் லைட் அடித்துவிட்டுப் போன லாரிக்காரனைச் செக்போஸ்ட் வரைக்கும் துரத்திப் போய் மூக்கை உடைத்தார். அக்காவையும் அடிப்பார். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. குழம்பில் உப்பு, சட்டையில் பட்டன் என்று எதற்காகவும் அடிப்பார். நான் பக்கத்து அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவரிடம்தானே எனக்குச் சோறு. என் கோபம் வேறு மாதிரி, வாயோடு சரி என்று எனக்கு நானே ஒரு நற்சான்று கொடுத்து வைத்திருந்தேன்.

ஊரும் லேசுப்பட்ட ஊர் இல்லை. சந்தை நாளில் மாட்டின் வாலை முறுக்குவான் ஒருவன், தார்க்குச்சியால் குத்துவான் இன்னொருவன். கள்ளுக்கடை வாசலில் மண்டை உடையாமல் பொழுது சாயாது. இத்தனை கூச்சலுக்கும் நடுவில் விலை மட்டும் வாயால் பேசமாட்டார்கள். தரகர் தோள்துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போடுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேச்சு நடக்கும். அதில் ஒரு முறை உண்டு. துண்டுக்குக் கீழே என்ன நடந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. காட்டினால் அந்தத் தரகருக்கு அப்புறம் சந்தையில் மரியாதை கிடையாது.

காரும் தன் துண்டு வழியாகத்தான் விலை போக வேண்டும் என்றார் குப்பண்ணன். மச்சான் முடியாது என்றார். "என்ற எடத்துல இருந்துட்டு என்ற துண்டு வேண்டாமாக்கும்? அந்தக் கறுப்பு வண்டிய எவன் வாங்கறான்னு பாத்தர்றேன்," என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். கறுப்பு வண்டி என்றால், நாங்கள் முதல்முதலாக யாரையும் கூட்டுச் சேர்க்காமல் வாங்கிய அம்பாசிடர். இருந்ததையெல்லாம் அதில் போட்டிருந்தோம். அது போகவில்லை என்றால் பட்டறையைக் காலி செய்துவிட்டுக் கூலிக்குத்தான் போக வேண்டும்.

சந்தைக்கு முந்தின சாயங்காலம் பாலிஷ் பூசிக் காயவிட்டோம். விடிந்து வந்து பார்த்தால் பானெட் நாசமாகியிருந்தது. வெள்ளைப் பூச்சைக் காணோம். அந்த இடம் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல், நெருக்க நெருக்கமாக. வைப்பர் இடுக்கில் ஒரு தேங்காய் நார் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தேன்.

"குப்பண்ணன் மண்ண அள்ளிப் போட்டுத் தேச்சுட்டான் மாப்ள," என்றார் மச்சான். குரல் மெதுவாகத்தான் வந்தது. அவர் மெதுவாகப் பேசினால்தான் பயம். டயர் கழற்றுகிற இரும்பு லிவரை எடுத்துக்கொண்டார். நான் வீல் ஸ்பானரை எடுத்தேன். சும்மா, அவருக்குத் துணைக்கு.

வண்டிக்குப் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தோடு வந்திருந்த அக்கா வாசலில் நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மச்சான் அவளைத் தள்ளினார். கிண்ணத்தோடு போய்த் தூணில் மோதி, திரும்பவும் வந்து வழியில் நின்றாள்.

"ஏனுங்க, ஆளக் கொல்லோணும்னா மத்தியானமும் கொல்லலாமுங்க. வண்டி வாங்க வர்ற அந்த ஆனைக்கரைக்காரரு உச்சிக்குள்ள வந்துருவாரு. மொதல்ல தேய்ங்க. தேச்சுப்போட்டுப் போயிக் கொல்லுங்க."

சொன்னதோடு நிற்காமல் பனியன் வேஸ்டை எடுத்து அவளே தேய்க்கவும் ஆரம்பித்துவிட்டாள். வண்டிமேல் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று மச்சான் அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தார். அன்றைக்கு ஏனோ ஒன்றும் சொல்லவில்லை. லிவரைக் கீழே போட்டார்.

மூன்று பேரும் தேய்த்தோம். அது தேய்ப்பே இல்லை, கொலைதான். ஒவ்வொரு இழுப்புக்கும் குப்பண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டேன். பானெட்டின் நடு முகட்டில் பெயிண்ட் எப்போதும் மெலிதாக இருக்கும், அங்கே அழுத்தக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அழுத்தினேன். தோல் உரிந்த மாதிரி பெயிண்டுக்கு அடியிலிருந்த சிவப்புப் பிரைமர் வெளியே வந்துவிட்டது. மச்சான் என் பிடரியில் ஒரு அறை வைத்தார். அக்கா யோசிக்கவே இல்லை. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்தாள். ஆனைக்கரை ஏலக்காய் வியாபாரி வந்து முதலில் பார்த்ததே அதைத்தான். "வண்டி மங்களகரமா இருக்குல்லா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மலையிலிருந்து இறங்கிய வண்டியை மலைக்காரரே திரும்ப வாங்கப் போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

அந்த நேரம் பார்த்துக் குப்பண்ணன் வந்தார். கூப்பிடாமலே வந்து நடுவில் நின்று, துண்டை உதறி, மச்சானைப் பார்த்துக் கையை நீட்டினார். மச்சான் சிரித்தார். கையைக் கொடுத்தார். துண்டு விழுந்தது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. சந்தைக் கூச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. குப்பண்ணன் முகம் அப்படியே சிரித்தபடி இருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. வாயோரம் வெற்றிலைச் சாறு வழிந்தது, துடைக்கவில்லை. மச்சான் இன்னும் விடவில்லை. கடைசியில் குப்பண்ணன், "முடிஞ்சுதுங்க, நாச்சிமுத்து சொல்ற வெலைக்கே எடுத்துக்கங்க," என்று வியாபாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நிதானமாக நடந்தார் மனுஷன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்ததை நான் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போனால் துண்டுக்கு அடியில் தோற்றதைச் சொல்ல வேண்டும். பட்டறையைக் காலி செய்யச் சொல்லவும் அப்புறம் வாயெடுக்கவில்லை. விரல் கோணலாகவே கூடிவிட்டது. டீ கிளாஸைப் பிடித்தால் அந்த விரல் மட்டும் மடங்காமல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். துரை என்று அவருக்குப் பட்டம் வைத்தது நான்தான். ஊரே அப்படிக் கூப்பிட்டது. அந்தப் பெயரோடுதான் செத்தார்.

இப்போது அக்கா சொன்னதுக்கு வருகிறேன். முருகேசன் விவகாரம் நடந்த அன்று சாயங்காலம், காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, அந்தக் கறுப்பு வண்டியில வட்டம் போட்டது குப்பண்ணன் இல்ல. நானு."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்குக் காத்தால பட்டறைத் தொட்டிகிட்ட சாமி வெளக்கும் ஏனமும் தேய்ச்சுட்டு இருந்தேன். வண்டியப் பாத்தா வெள்ளையாப் பூத்துக் கெடக்குது. பித்தள பூத்தாப்பல. பாவம் ரெண்டு பேரும் அசந்து தூங்கறாங்களே, நாமளாச்சும் வெளக்கி வெப்போம்னு, சாம்பலும் தேங்கா நாரும் போட்டுத் தேச்சுப்போட்டேன். கழுவினதுக்கு அப்பறந்தான் கீறலு தெரிஞ்சுது."

"குப்பண்ணன் கை..." என்றேன்.

"என்ற கைக்குப் பதிலுதான் அது ஒடிஞ்சுது. ஆள உசுரோட உடட்டும்னுதான் தேய்ங்கன்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்குத் தைரியம் வல்ல. குப்பண்ணன் டீக்கடையில உக்காந்திருந்தா நான் அந்த ரோட்டுலயே போகமாட்டேன்."

நான் துரை என்று கூப்பிட்டுச் சிரித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"மச்சானுக்குப் பயந்தது சரி. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லக்கா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "உங்கிட்டயா? லிவரு அவரு கையில இருந்துது. ஸ்பானரு ஆரு கையில இருந்துது, கண்ணு?"

பட்டறை இருந்த இடத்தில் இன்றைக்குக் கல்யாண மண்டபம் நிற்கிறது. மச்சான் போய்விட்டார். குப்பண்ணன் அவருக்கும் முன்னாலேயே போய்விட்டார். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றாலும் அந்தக் கோணல் விரல் சாம்பலாகி வெகுகாலம் ஆயிற்று. எல்லோரும் போன பிறகு, ஒரு மனுஷி இத்தனை வருஷமும் என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள்? இன்றைக்கு எதற்குத் திறக்கிறாள்? கேட்டேவிட்டேன்.

அக்கா என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"காத்தால மாடியில இருந்து பாத்தேன். நீ ஓங்கின கை நடுங்குச்சு," என்றாள். "இனிச் சொல்லலாம்னு தோணுச்சு."